தரையில் நிற்கவிட்டா, ஜாக்கியில் தூக்கியா, கம்ப்யூட்டரிலா: பழைய ஹெரால்டின் ஸ்டீயரிங் பிளே

ஸ்டீயரிங்கில் பிளே (திருப்பியும் சக்கரம் திரும்பாத வெற்று ஆட்டம்) என்று பாண்டியில் நாலு பேரிடம் சொன்னால் இரண்டு பதில்தான் வரும். மெக்கானிக், "தூக்கி ஆட்டிப் பாத்துடலாம் சார்" என்பார். டயர் கடைக்காரர், "ஒரு அலைன்மென்ட் விட்டுடுங்க" என்பார். மூன்றாவதாக ஒரு வழி உண்டு. காசும் கேட்காது, ஜாக்கியும் கேட்காது. அதனாலோ என்னவோ யாரும் அதைச் சொல்வதில்லை.

என் வண்டி டிரையம்ப் ஹெரால்டு, கூரையை மடக்கும் வகை. இதன் உடன்பிறப்பைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று செய்தார்கள். கடலூர் சாலையில் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டும்போது, ஸ்டீயரிங்கை இரண்டு விரற்கடை திருப்பிய பிறகுதான் வண்டி பேச்சைக் கேட்டது. மூன்று வழிகளையும் முயன்றேன். தப்பான வரிசையில் முயன்றேன் என்பது வேறு கதை.

முதலில் போனது அலைன்மென்ட்டுக்கு. திரையில் எல்லாம் பச்சை. பணம் கட்டி வெளியே வந்தால் அதே இரண்டு விரற்கடை. அந்தக் கடையைக் குறை சொல்ல முடியாது. சக்கரம் நிற்கிற கோணத்தை மெஷின் அளக்கும்; இணைப்புகளில் எது ஆடுகிறது என்று அதற்குத் தெரியாது. ஆட்டம் இருக்கும்போது எடுத்த அளவு வண்டி நகர்ந்ததும் மாறிவிடும். டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தாலோ, காற்று சரியாக இருந்தும் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ போகலாம். பிளேவுக்குப் போவது வீண்.

அடுத்தது ஜாக்கி. நம்மூர் மணலில் ஜாக்கி மெல்லப் புதையும். அடியில் பலகை, சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டு, இரண்டும் இல்லாமல் கையை உள்ளே விடாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் மேலே இருக்கும் பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) அல்லது கீழே இருக்கும் டிரன்னியன், அதாவது சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு மரையில் திரும்பும் மூட்டு. இந்த ஒன்றுக்காகவே ஜாக்கி முறை வேண்டும். ஆனால் பக்கவாட்டில் ஆட்டியபோது என் வண்டியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "எல்லாம் டைட்டா இருக்கு சார்" என்றார் மெக்கானிக். அவர் சொன்னது பொய்யில்லை. அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தைத் திருப்ப எதிர்ப்பே இல்லை. எதிர்ப்பு இல்லாத இடத்தில், ஸ்டீயரிங் பாகங்களை சேசிஸோடு பிடித்திருக்கும் மவுண்ட் தளர்ந்திருந்தாலும் சாதுவாகத்தான் இருக்கும்.

கடைசியாகத்தான் தரை. ஹெரால்டில் இது கொண்டாட்டம். முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து முழு பானட்டும் முன்னால் கவிழும்; டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு ரேக்கை, அதாவது ஸ்டீயரிங் திருப்பினால் இடம் வலமாக நகர்ந்து சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டை, பார்க்கலாம். என்ஜினை அணைத்து, தம்பியை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தேன். "முழுசா திருப்பாதடா, ரெண்டு விரல் இந்தப் பக்கம், ரெண்டு விரல் அந்தப் பக்கம்." டயர் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்ப மறுக்கிறது இல்லையா, அந்த விசையில் தளர்ந்தது எதுவானாலும் வெளியே வந்தாக வேண்டும். ஸ்டீயரிங் தண்டு, அதன் ரப்பர் இணைப்பு, ரேக், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு என்று வரிசையாகக் கண்ணை ஓட்டினேன். எங்கே ஒன்று அசைந்தும் அடுத்தது அசையாமல் இருக்கிறதோ, அங்கேதான் கோளாறு. என் வண்டியில் ரேக் குழாயே முழுதாக இடமும் வலமும் நகர்ந்தது. அதைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுக்கு அடியில் ரப்பர் எண்ணெயில் ஊறிக் களியாகியிருந்தது. ஐந்து நிமிட வேலை!

ரேக்கின் உள்ளேயே தேய்மானம் இருந்தால் டைட் வைக்கச் சொல்லுவார்கள். கவனம். ரேக் நடுவில்தான் அதிகம் தேயும். நடுவுக்காக இறுக்கினால் முழுத் திருப்பத்தில் பிடித்துக்கொள்ளும்.

பிளே இல்லை, ஆனால் கனமாக இருக்கிறது என்றால் மறுபடி ஜாக்கிக்கே வர வேண்டும். டை ராடு எண்டு இரண்டையும் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். அப்போதும் கனமென்றால் ரேக் அல்லது தண்டு. லேசாகிவிட்டால் பெரும்பாலும் டிரன்னியன். அதற்கு ஊற்ற வேண்டியது இபி 90 கியர் ஆயில். கிரீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டு வருபவரைத் தடுத்துவிடுங்கள். இந்த உப்புக் காற்றில், ஐப்பசி கார்த்திகை மழையில், உள்ளே தண்ணீர் இறங்கினால் அந்தத் தண்டின் இரும்பு மரை துருப்பிடிக்கும். ஒருநாள் அந்த இடத்திலேயே முறிந்து சக்கரம் மடங்கிவிடும். உயிரோடு விளையாடும் விஷயம் இது.

கூரையில்லாத வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்டீயரிங்கோடு டாஷ்போர்டும் கண்ணாடியும் சேர்ந்து நடுங்கினால், அது பாடியின் நெளிவாக இருக்கலாம். நல்ல ரோட்டில் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுங்கினால் முதலில் வீல் பேலன்ஸ் பாருங்கள்.

ரப்பருக்குப் பதில் அலுமினிய மவுண்டும் கிடைக்கிறது. திருப்பம் கச்சிதமாக இருக்கும், ஆனால் ரோட்டில் இருக்கும் கல்லெல்லாம் கைக்கு வந்து சேரும். நான் ரப்பரையே போட்டேன். இரண்டு வாரம் ஓட்டிவிட்டு யூ போல்ட்டு நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டேன். புது ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருந்தது.