கொல்லையிலும் கேட்கும் காலிங் பெல்: ஒயரா, ஒயர்லெஸ்ஸா?

கொல்லையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது வாசல் பெல் காதில் விழாது. சிலிண்டர் கொண்டுவந்தவர் திரும்பிப் போய்விடுவார். இதற்கு இரண்டு வழி.

இருக்கிற பெல்லிலிருந்து ஒயர் இழுத்து, கொல்லையில் இன்னொரு பெல் மாட்டலாம். நம் வீட்டு பெல் பெரும்பாலும் 230 வோல்ட்டில் நேரடியாக ஓடுவது. அதனால் எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். இரண்டாவது பெல்லை பேரலலாகத்தான், அதாவது இரண்டுக்கும் முழு வோல்ட் கிடைக்கும்படி தனித்தனி இணைப்பாகத்தான் கொடுக்க வேண்டும். சீரியஸில், அதாவது ஒன்றன் வழியாக இன்னொன்றுக்குக் கரண்ட் போகும்படி கொடுத்தால் இரண்டுமே சரியாக அடிக்காது. வெளியே போகும் ஒயருக்கு பிவிசி பைப் போடுங்கள், பெல் மழை படாத இடத்தில் இருக்கட்டும். செலவு கூடுதல்தான். ஆனால் அப்புறம் பேட்டரி மாற்றும் வேலையே இல்லை.

ஒயர்லெஸ் பெல் பத்து நிமிட வேலை. பட்டனை வாசலில் ஒட்டி, சத்தம் எழுப்பும் ரிசீவரைக் கொல்லைக் கொட்டகை பிளக்கில் செருகினால் சரி. பல மாடல்களில் ஒரே பட்டனுக்கு இரண்டு ரிசீவர் சேர்க்கலாம். அட்டையில் எட்டும் தூரமாகப் போட்டிருக்கும் 100 மீட்டர் என்பது திறந்தவெளிக் கணக்கு. நடுவில் கான்கிரீட் சுவரோ இரும்பு கேட்டோ வந்தால் வெகுவாகக் குறையும். ஒட்டுவதற்கு முன் பட்டனைக் கையில் வைத்தே அழுத்திப் பாருங்கள்.

வாடகை வீட்டுக்கு ஒயர்லெஸ் போதும். சொந்த வீடு என்றால் நான் ஒயரைத்தான் சொல்வேன். அதை இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிட்டால் கரண்ட் போனாலும் அடிக்கும்.