தரைத் தார் ஷீட்டைப் பெயர்க்க: டிரை ஐஸா, ஹீட் கன்னா?

சீட், கார்பெட் எல்லாம் கழற்றியாயிற்று. பழைய காரின் தரையில் சத்தத்தைக் குறைக்க ஒட்டி, இறுகிக் கிடக்கும் தார் ஷீட்தான் பாக்கி. சில ஷீட்டுகளில் அஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) இருக்கலாம். சந்தேகமானால் பரிசோதித்த பிறகே கைவையுங்கள்.

வேலை
டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு): மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். பொடித்துப் பரப்பி 10 நிமிடம் விட்டு ரப்பர் சுத்தியலால் தட்டினால், தார் சில்லுசில்லாகத் தெறிக்கும். கட்டியாக வைத்தால் தகட்டில் சரியாகப் படியாது, பாதி ஒட்டியே நிற்கும்.
ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி): தார் இளகியதும் பட்டி பிளேடைப் படுக்கவைத்துத் தள்ளுங்கள். புகைய விட்டால் பிசினாகி அப்பிக்கொள்ளும்.

செலவு
டிரை ஐஸ்: சேமிக்க முடியாது, வேலை நாளன்றே வாங்க வேண்டும்.
ஹீட் கன்: ஒருமுறை வாங்கினால் போதும்.

சுத்தம்
ஹீட் கன் விட்ட பிசுக்கை மினரல் டர்பன்டைனில் துடைக்க வேண்டும், தகடு ஆறிய பிறகு. டிரை ஐஸில் இந்த வேலை மிகக் குறைவு.

ஆபத்து
டிரை ஐஸ்: கார்பன் டை ஆக்சைடு கீழே தேங்கும். கதவுகளைத் திறந்து வையுங்கள், தலையைத் தரையருகே கொண்டுபோகாதீர்கள். தடித்த கையுறை கட்டாயம்.
ஹீட் கன்: தகட்டுக்கு அடியில் பெட்ரோல் குழாயும் ஒயரும் ஓடும் இடத்தை முதலில் பாருங்கள்.

தட்டையான தரைக்கு டிரை ஐஸ்தான் என் தேர்வு. சரிவிலும் வீல் ஆர்ச்சிலும் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) அது நிற்காது. அங்கே ஹீட் கன். துருவேறி மெலிந்த தகட்டிலும் ஹீட் கன்தான், சுத்தியல் அடி ஓட்டை போட்டுவிடும்.