ராக்கியா, அல்மாவா, உபுண்டுவா? ஓசூர்ப் பக்கத்துச் சின்ன கிளஸ்டருக்கு எதைப் போடுவது

ஓசூரில் டை, மோல்டு வடிவமைக்கும் சிறு நிறுவனங்களிலும், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துக் கல்லூரி லேப்களிலும் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: நாலைந்து சர்வரைக் கோத்து ஒரு கிளஸ்டர் போடலாம் என்றிருக்கிறோம், எந்த லினக்ஸ் போடுவது, நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எதை வைப்பது? கேட்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் வேகம்தான். "எதுல சார் சிமுலேஷன் சீக்கிரம் முடியும்?" என்றுதான் பேச்சு தொடங்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயங்குதளம் உங்களுக்கு வேகம் தராது. கையில் இருக்கும் பழைய சர்வரை அது ஏற்குமா, எத்தனை வருடம் தொந்தரவில்லாமல் ஓடும், நிறுவியவர் வேலை மாறிப் போன பிறகு இன்னொருவர் வந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்பதெல்லாம்தான் அதைப் பொறுத்தது. வேகம் கம்பைலரிலும் கணித லைப்ரரியிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பிட்டால் தவறான இடத்தில்தான் போய் நிற்போம்.

முதலில் சிபியு

நம் பக்கத்துக் கிளஸ்டர் பெரும்பாலும் புது சர்வரில் பிறப்பதில்லை. பெங்களூரு பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே அலுவலகங்களும் டேட்டா சென்டர்களும் கழித்துவிடும் சர்வர்கள் தரகர் கைமாறி ஓசூர் வந்துசேரும். விலை ஆசை காட்டும். வாங்கும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: சிபியுவில் ஏவிஎக்ஸ்2 (ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் வசதி) இருக்கிறதா?

இன்டெல் ஸியான் இ5-2670 என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். 2012-இல் வந்த முதல் தலைமுறையில் 8 கோர், 2.6 கிகாஹெர்ட்ஸ். அதற்கு முந்தைய ஏவிஎக்ஸ் உண்டு, ஏவிஎக்ஸ்2 கிடையாது. ஒரு கோர் ஒரு கடிகாரச் சுற்றுக்கு 8 இரட்டைத் துல்லியக் கணக்குகள் போடும்; மொத்தம் 166 கிகாஃப்ளாப்ஸ் (நொடிக்கு 16,600 கோடி கணக்குகள்) என்பது ஏட்டுக் கணக்கு. அதே பெயரில் 2014-இல் வந்த வி3-யில் 12 கோர், 2.3 கிகாஹெர்ட்ஸ், சுற்றுக்கு 16 கணக்குகள். ஏட்டுக் கணக்கில் 441 கிகாஃப்ளாப்ஸ். ஏவிஎக்ஸ்2 ஓடும்போது கடிகார வேகம் குறையும் என்பதால் நிஜத்தில் அவ்வளவு வராது. ஆனாலும் பெயரில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறு 'வி3'க்கு இரண்டு மடங்குக்கு மேல் மதிப்பு.

எல்லா வேலைக்கும் இந்த மடங்கு கிடைக்காது. ஓப்பன்ஃபோம் போன்ற திரவ ஓட்டக் கணக்குகளில் சிபியு பெரும்பாலும் மெமரியிலிருந்து தரவு வருவதற்காகத்தான் காத்திருக்கும். முதல் தலைமுறையில் நான்கு சேனல் டிடிஆர்3-1600 சேர்ந்து நொடிக்கு 51 ஜிபி. வி3-யில் டிடிஆர்4-2133 சேர்ந்து 68 ஜிபி. அதாவது மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். அதனால் ஓப்பன்ஃபோமுக்காக வாங்குகிறவர், கோர் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் நான்கு சேனலிலும் ரேம் குச்சி போட்டிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது. இரண்டே குச்சி செருகி விற்கும் சர்வரில் மெமரி வேகம் பாதியாகிவிடும். எந்த லினக்ஸ் போட்டாலும் அதை மீட்க முடியாது.

ராக்கியும் அல்மாவும்

இந்த இரண்டும் பிறந்த கதை தெரிந்தால்தான் வேறுபாடு புரியும். கிளஸ்டர் உலகம் வருடக்கணக்கில், ரெட் ஹேட் நிறுவனம் விற்கும் லினக்ஸின் இலவச நகலான சென்ட்ஓஎஸ் மேல் நின்றது. சென்ட்ஓஎஸ் 8-இன் ஆயுள் 2021 டிசம்பரோடு முடியும் என்று 2020 டிசம்பரில் ரெட் ஹேட் அறிவித்தது. அந்த இடத்தை நிரப்ப கிளவுட்லினக்ஸ் நிறுவனம் தொடங்கிய அல்மாலினக்ஸ் 2021 மார்ச்சிலும், சென்ட்ஓஎஸ்-ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்ஸரின் ராக்கி லினக்ஸ் 2021 ஜூனிலும் வெளிவந்தன. இரண்டும் ரெட் ஹேட்டின் நகல், இரண்டும் இலவசம், இரண்டுக்கும் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் பத்து வருட ஆதரவு. எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று அப்போது சொல்லலாம்.

2023 ஜூனில் ரெட் ஹேட் தன் மூலநிரலின் பொது வெளியீட்டை, அடுத்த பதிப்புக்கு முன்னோட்டமான சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீமோடு நிறுத்திக்கொண்டது. அங்கேதான் வழி பிரிந்தது. ராக்கி, ரெட் ஹேட்டில் பிழை இருந்தால் அந்தப் பிழையும் சேர்ந்தே வரட்டும் என்ற பழைய கொள்கையில் நின்றது. அல்மா, ரெட் ஹேட்டுக்காகத் தொகுத்த மென்பொருள் தன்னிலும் ஓடினால் போதும், மற்றபடி தன் திருத்தங்களைத் தானே செய்துகொள்ளும் என்று மாறியது.

பழைய சர்வர் வாங்கும் நமக்கு இந்தப் பிரிவு நேரடியாகவே உதவுகிறது. ரெட் ஹேட் கைவிட்ட பழைய ரெய்டு (டிஸ்க்) கார்டுகள், பழைய மெல்லனாக்ஸ் (நெட்வொர்க்) கார்டுகள் சிலவற்றின் டிரைவர்களை அல்மா 9.4-இல் திரும்பச் சேர்த்தார்கள். 2025 மே மாதம் வந்த ரெட் ஹேட் 10-க்கு ஏவிஎக்ஸ்2 உள்ள சிபியு கட்டாயம்; இந்த வரையறையை எக்ஸ்86-64-வி3 என்பார்கள், ஸியான் பெயரில் வரும் வி3 வேறு. ராக்கி 10-உம் அப்படியே. மேலே சொன்ன 2012 சர்வரில் அவை ஓடாது. அல்மா மட்டும் பழைய சிபியுக்களுக்கென்று பதிப்பு 10-ஐத் தனியாகத் தொகுத்துத் தருகிறது. இது நம்மைப் போன்ற இடங்களுக்குச் சாதாரண விஷயமல்ல. ஒரு கல்லூரி லேப் இன்னும் சில வருடம் இருக்கிற சர்வரை வைத்தே பாடம் நடத்தலாம் என்று அர்த்தம். சிறிய அமைப்புகளின் விருப்பம் என்று அல்மாவை ஒதுக்கவும் முடியாது. செர்ன், ஃபெர்மிலேப் என்ற பெரிய இயற்பியல் ஆய்வகங்கள் தங்கள் ஆய்வுகளுக்கு அல்மாவைப் பரிந்துரைப்பதாக 2022 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டன.

ராக்கியை எப்போது எடுப்பேன்? காசு கொடுத்து வாங்கிய சிமுலேஷன் மென்பொருள் நடுவில் இருக்கும்போது. அந்த மென்பொருள் நிறுவனங்கள் ரெட் ஹேட்டையும், சூசே என்ற இன்னொரு வணிக லினக்ஸையும்தான் முதலில் சோதிக்கும். கோளாறு என்று தொலைபேசியில் சொல்லும்போது ரெட் ஹேட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் தளம் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

உபுண்டு எங்கே நிற்கிறது

பையன்கள் எல்லாரும் லேப்டாப்பில் உபுண்டுதான் வைத்திருக்கிறார்கள். விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் வழியாக ஓட்டுகிறவர்களுக்கும் அதுதான் முதலில் வருகிறது. பழகிய கை. ஓப்பன்ஃபோம் ஃபவுண்டேஷன் பதிப்பு வேண்டுமென்றால் உபுண்டுவில் சில கட்டளைகளிலேயே இறங்கிவிடும். ராக்கியில் மூலநிரலிலிருந்து தொகுக்க வேண்டும். என்விடியாவின் டிஜிஎக்ஸ் என்ற ஜிபியு எந்திரங்களின் இயங்குதளமே உபுண்டு மேல் கட்டியதுதான். ஜிபியு போட்ட ஒற்றை ஒர்க்ஸ்டேஷன் என்றால் நான் தயங்காமல் உபுண்டு 24.04 என்றே சொல்வேன்.

நாலைந்து சர்வர் சேர்ந்த கிளஸ்டர் என்றதும் என் மனம் மாறுகிறது. உபுண்டுவில் தானியங்கிப் புதுப்பிப்பு ஆரம்பத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரி என்விடியா டிரைவரின் லைப்ரரி மட்டும் புதிதாகி, மெமரியில் பழைய டிரைவரே நின்றுவிட்டால், வரிசையில் அடுத்து நிற்கும் ஜிபியு வேலை பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லி விழும். ஹோம் டைரக்டரியை நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்துகொண்டால் ஸ்னாப் (உபுண்டுவின் தனிப் பொட்டல முறை) செயலிகள் அடம் பிடிக்கும். இரண்டையும் சரிசெய்யலாம், ஆனால் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆதரவும் 2029 வரை ஐந்து வருடம். அதற்கு மேல் உபுண்டு ப்ரோ, தனிநபருக்கு ஐந்து எந்திரம் வரை இலவசம். அல்மா 9-க்கோ ராக்கி 9-க்கோ 2032 மே வரை கவலையில்லை. கிளஸ்டர் நிறுவத் தேவையானவற்றை ஒரே கட்டாகத் தரும் ஓப்பன்ஹெச்பிசி-யும் ரெட் ஹேட் குடும்பத்துக்கும் சூசேக்கும் உண்டு, உபுண்டுவுக்கு இல்லை.

டெபியன் நல்ல தளம், சூசே லீப்பும் அப்படியே. நம் பக்கத்தில் கேட்டால் கைகொடுக்க ஆள் குறைவு என்பதால் அவற்றுக்குள் போகவில்லை.

லேப்டாப்பில் ஓடுவது சர்வரில் ஏன் ஓடவில்லை

"லேப்டாப்ல ஓடுதுண்ணா, சர்வர்ல ஜிலிப்சி இல்லங்குது." பர்கூர், செட்டிக்கரை பொறியியல் கல்லூரிகளிலிருந்து புராஜெக்ட்டோடு வரும் மாணவர்கள் சொல்லும் புகார் இது. ஜிலிப்சி என்பது லினக்ஸில் எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை சி லைப்ரரி. உபுண்டு 24.04-இல் ஜிலிப்சி 2.39, அல்மா 9-இல் 2.34. புதியதில் தொகுத்தது பழையதில் ஓட மறுக்கலாம். பழையதில் தொகுத்தது புதியதில் ஓடும். ஆகவே பலருக்குக் கொடுக்கும் நிரலைப் பழைய தளத்தில் தொகுப்பதே முறை. முடியாவிட்டால் நிரலையும் அது சார்ந்த லைப்ரரிகளையும் ஆப்டெய்னர் கண்டெய்னரில் அடைத்துக் கொண்டுபோகலாம். இன்னொரு கண்டெய்னர் கருவியான டாக்கர் சாதாரணமாக ரூட் அதிகாரத்தோடு ஓடுவதால் பலர் சேர்ந்து புழங்கும் கிளஸ்டரில் அதை அனுமதிக்க மாட்டார்கள். ஆப்டெய்னர் பயனரின் அதிகாரத்திலேயே ஓடும். திருச்சி என்.ஐ.டி-யில் 2022-இல் திறந்த 838 டெராஃப்ளாப்ஸ் பரம் பொருள் போன்ற பெரிய எந்திரத்தில் நாளை இடம் கிடைக்கும் மாணவருக்கு இந்தப் பழக்கம் இன்றே இருப்பது நல்லது.

வேகம் இருக்கும் இடம்

கம்பைலர் ஒப்பீடு என்று சுற்றிவரும் எண்களில் பலவற்றை நான் நம்புவதில்லை. காரணம் எளிது. லினக்ஸின் வழக்கமான இலவசக் கம்பைலரான ஜிசிசி-க்கு எந்த ஆப்ஷனும் கொடுக்காவிட்டால் அது எந்த மேம்பாடும் செய்யாது. இன்டெல்லின் கம்பைலரான ஐசிஎக்ஸ் ஆப்ஷன் இல்லாமலேயே ஓ2 என்ற மேம்பாட்டு நிலையில் தொகுக்கும்; தசமக் கணக்கில் துல்லியத்தைச் சற்று விட்டுக்கொடுத்து வேகம் எடுக்கும் முறையும் அதில் இயல்பாகவே இருக்கும். இரண்டையும் வெறுமனே ஓட்டி நேரம் பார்த்தால் இன்டெல் பல மடங்கு ஜெயித்ததாகத் தெரியும். ஜிசிசி-க்கு ஓ3-யும், இருக்கிற சிபியுவுக்கே தொகுக்கச் சொல்லும் 'மார்ச் நேட்டிவ்'வும் கொடுத்து, ஐசிஎக்ஸ்-இல் துல்லியமான முறையைக் கேட்டு மறுபடி ஓட்டுங்கள். இடைவெளி வெகுவாகச் சுருங்கும்.

அந்த வேக முறை சும்மா கிடைப்பதல்ல. கூட்டலின் வரிசை மாறும், கடைசி இலக்கங்கள் மாறும். எண் அல்லாத மதிப்பு வந்துவிட்டதா என்று சோதிக்கும் வரியையே கம்பைலர் தேவையில்லை என்று தூக்கிவிடலாம். டை கணக்கு சிதறிப்போன பிறகும் நிரல் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கை நம்பி எஃகு வெட்டப்போகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. அதனால் முதலில் துல்லியமான முறையில் ஒரு முறை ஓட்டி விடையைப் பத்திரப்படுத்துங்கள். வேக முறையை அதோடு ஒப்பிட்ட பிறகு பயன்படுத்துங்கள்.

பழைய ஃபோர்ட்ரான் வைத்திருப்போருக்கு இன்னொரு விஷயம். இன்டெல்லின் பழைய ஃபோர்ட்ரான் கம்பைலரான ஐஃபோர்ட் 2025 பதிப்போடு போய்விட்டது, இனி ஐஎஃப்எக்ஸ்தான். ஜிசிசி பக்கம், 10-ஆம் பதிப்பிலிருந்து சப்ரூட்டீன் அழைப்பில் வகை பொருந்தாவிட்டால் பிழை என்று நிறுத்திவிடும். தளர்த்த ஒரு ஆப்ஷன் உண்டு. சி மொழியில் அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை 14-ஆம் பதிப்பு பிழையாக்கிவிட்டது. அல்மா 9-இல் இருப்பது ஜிசிசி 11, அல்மா 10-இல் 14. பேராசிரியர் பத்து வருடமாக வைத்திருக்கும் நிரல் 9-இல் எச்சரிக்கையோடு தொகுபட்டு 10-இல் நின்றுபோனால் காரணம் இதுதான். 9-இல் இருந்துகொண்டே புது ஜிசிசி வேண்டுமா? 'ஜிசிசி டூல்செட்' தொகுப்பில் 12, 13, 14 மூன்றும் இருக்கின்றன. அடித்தளம் பழசு, கருவி புதுசு என்று வைத்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

கணித லைப்ரரியில் இன்டெல்லின் எம்கேஎல், திறமூலமான ஓப்பன்பிளாஸ் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓப்பன்பிளாஸ் ஓடத் தொடங்கும்போதே சிபியுவைக் கண்டுபிடித்து அதற்கேற்ற கணக்குமுறையைத் தேர்ந்துகொள்ளும். அணிப் பெருக்கல் வேலைக்கு இயங்குதளத்தைத் தொகுத்த வரையறை எக்ஸ்86-64-வி2-வா வி3-யா என்பது பொருட்டே இல்லாமல் போவதற்கு இதுவே காரணம். இன்டெல் சிபியு என்றால் எம்கேஎல்லை எடுப்பேன். ஏஎம்டி எபிக் என்றால் ஓப்பன்பிளாஸோ ஏஎம்டியின் சொந்த லைப்ரரியோ. எதை எடுத்தாலும் எம்பிஐ-யோடு (ஒரு கணக்கைப் பல கோர்களுக்கும் சர்வர்களுக்கும் பகிரும் முறை) சேர்த்து ஓட்டும்போது திரெட் எண்ணிக்கையை ஒன்று என்று கட்டிப்போடுங்கள். பதினாறு எம்பிஐ வேலைகள் ஒவ்வொன்றும் பதினாறு திரெட் கிளப்பினால் எந்த நல்ல கம்பைலராலும் காப்பாற்ற முடியாது.

இவற்றையெல்லாம் நிறுவ ஸ்பேக், காண்டா என்ற இரண்டு நிறுவல் கருவிகள் உண்டு. ஸ்பேக் உங்கள் சிபியுவைப் பார்த்து மூலத்திலிருந்தே தொகுக்கும், நேரம் எடுக்கும். நெட் நன்றாக இருக்கும் இடத்தில் மூலநிரல்களை இறக்கி மிரர் செய்து பென்டிரைவில் கொண்டுபோகலாம். பைத்தான் மட்டும் வேண்டுமென்றால் காண்டா போதும்.

பழைய ஜிபியு வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: என்விடியா ஜிபியுவுக்கு நிரல் எழுதும் கருவியான குடாவின் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பு, பாஸ்கல், வோல்டா ஜிபியு தலைமுறைகளுக்கான தொகுப்பை நிறுத்திவிட்டது. அந்தத் தலைமுறைகளின் பி100, வி100 கார்டு மலிவாக வந்தால் வாங்கலாம், குடா 12-இலேயே நின்றுகொள்ளுங்கள்.

சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடும் லேப்கள் உண்டு. அதன் ஆதரவு 2024 ஜூனில் முடிந்துவிட்டது. இருப்பதை அழிக்காமல் அதன் மேலேயே புதுப் பதிப்பை ஏற்றும் கருவிகள் உண்டு என்றாலும் கிளஸ்டரில் அந்த வழி வேண்டாம். ஒரு சர்வரைக் கழற்றி அதில் அல்மா 9 போட்டு, பழைய நிரலை அதில் ஓட்டி விடை ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போனால் மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றலாம். செமஸ்டர் விடுமுறையில் தொடங்கினால் யாருடைய வேலையும் நிற்காது.