மாதிரி விமான எலிவேட்டர் சாமான் வாங்குகிறவர்கள் கவனம்

கிளிநொச்சியில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ரிமோட்டில் இயங்கும் மாதிரி விமானம் பறக்கவிடுகிறார்கள். அதன் வால் பழுதாகி, எலிவேட்டரையும் (வாலின் பின்னால் மேலும் கீழும் மடிகிற பலகை) அதை இயக்கும் சேர்வோவையும் (பற்சக்கரங்கள் உள்ள சின்ன மோட்டார்) மாற்ற வேண்டி வந்தது. வன்னியில் இந்தச் சாமான் எடுப்பது கஷ்டம், கூரியரை நம்பித்தான் இருக்கிறோம். கொழும்புக் கடையொன்று "புத்தம் புதுசு, முழுக்க மெட்டல் கியர்" என்று வட்ஸ்அப்பில் எழுதித் தந்துதான் விற்றது. பிள்ளைகள் சேர்த்த காசு அது.

வந்த வாலில் எலிவேட்டர் மடிகிற இடம் விறைப்பாக இருந்தது. கேட்டேன். "புதுசு சேர், பாவிக்கப் பாவிக்க இளகும்" என்றார் கடைக்காரர். பெரும்போகம் வெட்டி முடிந்த வயலில் பறக்கவிட்டோம். நன்றாக ஏறிய விமானம் திடீரென்று மூக்கைக் குத்தியது. பையன் ரிமோட்டின் குச்சியை முழுக்கத் தன் பக்கம் இழுத்தும் மூக்கு நிமிரவில்லை. வரம்பில் மோதி இறக்கை முறிந்தது. அந்த வரம்பில் கொஞ்சம் தள்ளிச் சின்னப் பிள்ளைகள் நின்றார்கள். அதை நினைத்தால்தான் கோபம் அடங்க மறுக்கிறது.

சேர்வோவின் மூடியைக் கழற்றினேன். மேலே தெரிகிற சக்கரம் மட்டும் பித்தளை. அடியில் இருந்ததெல்லாம் வெள்ளை நைலோன், ஒன்றில் பற்கள் வழித்துக்கொண்டு போயிருந்தன. வாலை வெயிலில் பிடித்துப் பார்த்தால் மடிப்பு நெடுக சுப்பர் குளூ காய்ந்த கோடு. எங்கோ கிழிந்த பழைய வாலை ஒட்டி, புது ஸ்டிக்கர் போட்டிருக்கிறார்கள். ஒட்டு விறைத்ததால் ஒவ்வொரு அசைவுக்கும் சேர்வோ மல்லுக்கட்டியிருக்கிறது. நைலோன் பல் எவ்வளவு நேரம் தாங்கும்?

எலிவேட்டர் மேலே மடிந்தால் காற்று வாலைக் கீழே அழுத்தும், மூக்கு நிமிரும். கீழே மடிந்தால் மூக்கு தாழும். அந்தப் பிடி போனால் மோட்டார் நன்றாக ஓடியும் பயனில்லை. பெரிய விமானத்திலும் இதே கதைதான். 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் பீச் 1900டி விமானம் ஒன்று புறப்பட்ட கையோடு விழுந்து, உள்ளே இருந்த 21 பேரும் இறந்தார்கள். பராமரிப்பின்போது எலிவேட்டர் கேபிளைப் பிழையாகப் பொருத்தியதில் மூக்கைத் தாழ்த்தப் போதிய அசைவு இல்லாமல் போனது, பின்பாரமும் கூடியிருந்தது.

படங்களை அனுப்பினேன். "கழட்டின சாமானுக்கு நாங்கள் பொறுப்பில்லை சேர்." அதோடு என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார்கள்.

வாங்கப் போகிறவர்கள் காசு போடுமுன் சேர்வோவைத் திறந்து கியரைக் காட்டும் வீடியோ கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். பார்சல் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். சேர்வோவையும் எலிவேட்டரையும் இணைக்கிற தள்ளுகம்பியைக் கழற்றிவிட்டு எலிவேட்டரை விரலால் தட்டிப் பாருங்கள். எங்காவது இறுகினால், கடைக்காரர் என்ன சொன்னாலும் பொருத்த வேண்டாம்.

பற்றுச்சீட்டும் செய்திகளும் என்னிடம் இருக்கின்றன. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதி அனுப்பிவிட்டேன். இப்படி ஏமாந்தவர்கள் 1977 இலக்கத்துக்கு அழைத்தும் முறையிடலாம்.