பழைய ஃப்ளாப்பி சாஃப்ட்வேர், புது கம்ப்யூட்டர்: எந்த வழி தேறும்?

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழில் டிடிபி (கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும்) வேலை பார்க்கிறவர்களிடம் பழைய ஃப்ளாப்பி கட்டு ஒன்றாவது பீரோவில் கிடக்கும். கும்பாபிஷேக மலர், சங்க ஆண்டறிக்கை என்று அந்தக் காலத்தில் அடித்த ஃபைல்கள் அந்த ஃப்ளாப்பியில் உள்ள பழைய சாஃப்ட்வேரில்தான் திறக்கும். கம்ப்யூட்டரை மாற்றினால் அதை எப்படிப் போடுவது?

பலரும் முதலில் யோசிப்பது யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விசாரித்து ஒன்று வாங்கிவந்து செருகினால் ஏ டிரைவாகத் தெரியும். செட்டப்பைத் தட்டினால் ஓடாது. விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டும்தான் வருகிறது, அதில் பழைய 16-பிட் வகை புரோகிராமுக்கு இடமே இல்லை. சாஃப்ட்வேர் 32-பிட்டாக இருந்தாலும் விண்டோஸ் 95, 98 காலத்து இன்ஸ்டாலர் பல சமயம் 16-பிட்டாகவே இருக்கும். ஆக, இந்த டிரைவ் இன்ஸ்டால் செய்ய உதவாது. ஆனால் டிஸ்கை இமேஜ் ஃபைலாக, அதாவது அதிலுள்ளதை அப்படியே ஒரே ஃபைலாக எடுத்துவைக்க இது அவசியம்.

எந்த வழியில் போனாலும் இமேஜ் எடுப்பதுதான் முதல் வேலை. 3.5 அங்குல டிஸ்கின் மூலையிலுள்ள சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வையுங்கள். பிறகு அதில் எதுவும் எழுதப்படாது. தகட்டு மூடியை விலக்கி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே டிரைவில் போட்டால் ஹெட் அழுக்காகி, அடுத்த நல்ல டிஸ்கையும் கீறிவிடும். 1.44 எம்பி டிஸ்கின் முழு இமேஜ் சரியாக 14,74,560 பைட். குறைந்தால் எங்கோ படிக்காமல் நின்றிருக்கிறது.

அடுத்து டாஸ்பாக்ஸ், அதாவது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கம்ப்யூட்டர் போல நடிக்கும் புரோகிராம். சாஃப்ட்வேர் சுத்தமான டாஸ் என்றால் இதுவே போதும், நிமிஷத்தில் ஓடும். ஆனால் இது கேம்ஸுக்காகச் செய்தது, பிரிண்ட் எடுக்க வழியில்லை. பிரிண்ட் தேவையென்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போடுங்கள்.

விண்டோஸ் சாஃப்ட்வேருக்கு என் ஓட்டு விர்ச்சுவல்பாக்ஸுக்குத்தான். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் புரோகிராம் அது. அதற்குள் 98 போடவேண்டாம். கிராபிக்ஸ் டிரைவர் தேடியே நாள் போய்விடும், புதிய பிராசஸர்களில் தகராறும் செய்யும். 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பி போடுங்கள். அது 16-பிட் இன்ஸ்டாலரையும் ஓட்டும், 32-பிட் சாஃப்ட்வேரையும் ஓட்டும். இரண்டாவது டிஸ்கைப் போடு என்று செட்டப் கேட்கும்போது மெனுவில் அடுத்த இமேஜைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால் போதும், டிரைவின் கரகர சத்தமே இல்லை. நெட்டை மட்டும் துண்டித்து வையுங்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014லேயே ஆதரவை நிறுத்திவிட்டது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் தமிழை வெளியே எடுங்கள். இதைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்த எழுத்துகள் இன்று எல்லாக் கம்ப்யூட்டரும் படிக்கும் யூனிகோட் இல்லை. டாம், டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியீடுகள் 1999இல்தான் தரமாயின, அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. அப்படியே காப்பி செய்து வெளியே ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வரும். எந்த ஃபான்ட் என்று குறித்துக்கொண்டு அதற்கான கன்வர்ட்டரில் மாற்றி, ஒற்றைக்கொம்பு, சுழி, கிரந்த எழுத்துகளை மட்டும் கண்ணால் சரிபாருங்கள். ஒரு ஊர்க்கோயிலின் தலவரலாறு அந்த ஒரே ஃபைலில்தான் இருக்கக்கூடும்.

மிச்சமிருப்பது பழைய கம்ப்யூட்டரையே பாதுகாத்து வைத்துக்கொள்ளும் வழி. சாஃப்ட்வேரோடு டாங்கிள் (சாவி போன்ற சின்னக் கட்டை) வந்திருந்தால் பெரும்பாலும் இது ஒன்றுதான் கதி. பிரிண்டர் போர்ட்டில் செருகும் அந்தக் கட்டை இல்லாமல் சாஃப்ட்வேர் திறக்காது; இன்றைய லேப்டாப்பில் அந்தப் போர்ட்டே கிடையாது; யூஎஸ்பி கன்வர்ட்டர் கேபிள் பிரிண்டருக்குத்தான் ஆகும். காப்பி-புரொடெக்ஷன் போட்ட டிஸ்க்குகளும் அப்படித்தான், யூஎஸ்பி டிரைவ் அவற்றைச் சரியாகப் படிக்காது. அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் ஓடினால், அதன் ஹார்ட் டிஸ்கை இந்த வாரமே கழற்றி ஐடிஇ (பழைய வகை டிஸ்க் இணைப்பு) அடாப்டர் வழியாக முழு இமேஜ் எடுத்துவிடுங்கள்.