பிராண்டிவெல் மைதானத்தில் ஒரு மாலை

வட அயர்லாந்தின் டெரி நகரிலுள்ள பிராண்டிவெல் கால்பந்து மைதானம் சிறியது. எந்த இருக்கையிலிருந்தும் ஆட்டக்காரர்களின் குரல் கேட்கும் அந்த நெருக்கத்திற்காகவே நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணம் தகும். கலவரக் காலத்தில் சொந்த மைதானத்தில் ஆடும் உரிமை மறுக்கப்பட்டதால் 1972இல் வட அயர்லாந்து லீக்கிலிருந்து விலகிய இந்நகரின் டெரி சிட்டி கிளப், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1985இல் எல்லைக்கு அப்பாலுள்ள அயர்லாந்துக் குடியரசின் லீக்கில் சேர்ந்து, 1989இல் அந்நாட்டின் மூன்று முதன்மைக் கோப்பைகளையும் ஒரே பருவத்தில் வென்றது. இதேபோல் எல்லை கடந்து, ஆனால் வருமானத்திற்காக, இங்கிலாந்து லீக்கில் சேர விரும்பிய ஸ்காட்லாந்தின் பெரிய கிளப்புகளின் கோரிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால், வாழ வேறு வழியின்றி எல்லை கடந்த இந்தக் கிளப்பின் முடிவு முற்றிலும் நியாயமானது. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்திற்குச் செல்பவர்கள் முன்னதாகவே சென்று, மேட்டிலுள்ள கல்லறைத் தோட்டத்திலிருந்து மைதானத்தைப் பார்த்துவிட்டு இறங்குவது நல்லது.