பெல்ஜியத்துக் கிழங்கும் எங்கள் வீட்டுத் தாச்சியும்

தலவாக்கலையில் இருந்துகொண்டு பெல்ஜியத்துக் கிழங்கு வாங்கினால் அம்மா சும்மா விடுவாரா? "நுவரெலியா கிழங்கு பக்கத்திலயே கெடக்கு, இது என்னத்துக்கு?" என்று ஒரே ஏச்சு. மகன் கேட்டான், வாங்கிவிட்டேன். ஃப்ரோசன் சிப்ஸ், ஒரு கிலோ பாக்கெட்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம். அதனால் எதை வாங்கினாலும் பின்பக்கத்தைப் படித்துவிடுவேன். உருளைக்கிழங்கு, பாம் எண்ணெய், டெக்ஸ்ட்ரோஸ், ஈ 450 என்று போட்டிருந்தது. டெக்ஸ்ட்ரோஸ் ஒரு வகைச் சீனி, நிறம் ஒரே மாதிரி வர; ஈ 450 ஒரு சேர்மானம், கிழங்கு கறுக்காமலிருக்க. எண்ணெய் எதற்கென்றால், தொழிற்சாலையிலேயே ஒரு தடவை அரைகுறையாகப் பொரித்துத்தான் உறைய வைக்கிறார்கள். பச்சைக் கிழங்கு 100 கிராமில் ஏறக்குறைய 77 கலோரி, கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். இந்தப் பாக்கெட்டில் 145 கலோரி, கொழுப்பு 5 கிராம்.

அதுவும் தாச்சியில் போடுவதற்கு முன் உள்ள கணக்கு! 300 கிராம் பொரித்துவிட்டு, எண்ணெயை ஆறவைத்துத் திரும்ப அளந்தேன். இரண்டு மேசைக்கரண்டி குறைந்திருந்தது. ஒரு கரண்டிக்கு 120 கலோரி என்று பார்த்தால் 240. கடதாசியில் ஒட்டியது கொஞ்சம் போகட்டும், மிச்சம் எங்கள் வயிற்றுக்குள்தான். மறுநாள் அடிகனமான சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் மட்டும் தடவி, மூடிவைத்துப் புரட்டிப் புரட்டி எடுத்தேன். மொறுமொறுப்பு பாதிதான். மகன் முகம் சுளித்தான், ஆனாலும் தட்டில் மிச்சம் வைக்கவில்லை. பொன்னிறத்தில் இறக்கிவிட வேண்டும். கருகக் கருக அக்ரிலமைட் என்ற, உடம்புக்குக் கேடாகக் கருதப்படும் பொருள் கூடும்.

"பாக்கெட்டில் அடைத்ததில் சத்தே இல்லை" என்று சிலர் சொல்வதும் சரியில்லை. பொட்டாசியமும் நார்ச்சத்தும் ஓரளவு இருக்கத்தான் செய்கின்றன. விட்டமின் சி கொஞ்சம் போகும், நாம் தோல் சீவி அவித்தாலும் அது போகத்தானே செய்கிறது. ஆனால் தோலோடு அவித்த கிழங்குக்கு இது ஈடாகாது.

இரண்டாவது பாக்கெட் வேறொரு கடையில் வாங்கினேன். உள்ளே எல்லாம் ஒரே கட்டி, மேலே வெள்ளை வெள்ளையாக ஐஸ். கரண்ட் போய் உருகி மறுபடி உறைந்திருக்க வேண்டும். எண்ணெயில் போட்டதும் படபடவென்று தெறித்தது, துண்டுகள் நொறுங்கிக் களியாகிவிட்டன. இப்போதெல்லாம் காசு கொடுக்குமுன் பாக்கெட்டைக் குலுக்கிப் பார்க்கிறேன். கலகலவென்று சத்தம் வந்தால்தான் எடுப்பது.

ஏசிய அம்மாவும் எண்ணி ஆறு துண்டு எடுத்தார். "உப்பு பத்தல" என்றார்.